28 மாத்திரைப் பெட்டியும் 30 மாத்திரைப் பெட்டியும் ஒத்துப்போகவில்லை: இங்கிலாந்து மருந்துச்சீட்டு, உதவி தேவை

52 வயது நோயாளி, இங்கிலாந்து. தினமும் மூன்று மாத்திரை, ஒவ்வொன்றும் ஒருவேளை: அம்லோடிபின் 5 மி.கி., அடோர்வாஸ்டாடின் 20 மி.கி., சோலிஃபெனசின் 5 மி.கி. முதல் இரண்டும் 28 மாத்திரைப் பெட்டி. மூன்றாவது 30. ஜனவரியில் ஒரே நாளில் தொடங்கியும் ஒவ்வொரு சுற்றுக்கும் 2 நாள் விலகுகிறது. ஐந்தாம் சுற்று முடிவில் 10 நாள் இடைவெளி. மருந்துக்கடைக்கு மாதம் இரண்டு நடை.

பணச் சிக்கல் தீர்ந்துவிட்டது. ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு வீதம் கட்டாமல், 114.50 பவுண்டுக்கு ஓராண்டு மருந்துச்சீட்டுக் கட்டணம் முழுவதையும் அடக்கும் முன்பணச் சான்றிதழ் எடுத்தாயிற்று.

ஒருமுறை மட்டும் குறைந்த எண்ணிக்கை எழுதி வாங்கி மூன்றையும் நேராக்கினோம். அடுத்த சுற்றிலேயே மறுபடி விலகல். பிறகு மருத்துவர் சோலிஃபெனசினை 28 என்றே எழுதினார். அப்படியும் 30 உள்ள முழுப்பெட்டிதான் வந்தது. எழுதிய அளவில் 10 விழுக்காடு கூட்டியோ குறைத்தோ உடைக்காத பெட்டியாகத் தரலாம் என்ற விதி கடைக்காரருக்கு இடம் தருகிறது. மாத்திரை அட்டையை வெட்டி 28 மட்டும் தரக் கேட்டால் தயங்குகிறார்கள். வெட்டிய துண்டில் காலாவதித் தேதி போய்விடும் என்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவைப் போல எண்ணிக் குப்பியில் போடும் வழக்கமாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சரியாக 28 மட்டும் கிடைக்க, மருந்துச்சீட்டில் மருத்துவர் என்ன வாசகம் சேர்க்க வேண்டும்?