இதயத்தைச் சுற்றிய கொழுப்பு: உங்கள் அனுபவம்?

தேன்மலர்:
அப்பாவுக்கு சிடி ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன், எடுத்தார்கள். டாக்டர் திரையில் படத்தை உருட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, ரத்தக்குழாயை ஒட்டிய கருப்புப் பட்டையைப் பேனாவால் காட்டினார். "இதெல்லாம் கொழுப்பு. இவர் உடம்புக்கு ரொம்ப அதிகம்." அப்பா ஒல்லி, பெல்ட் இல்லாமல் பேண்ட் நிற்காது. "எனக்கா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. இடது பக்கக் குழாயில் அடைப்பும் இருந்தது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நீலவானம்:
நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பைபாஸில் இதய உறையைத் திறந்ததும் கண்ணில் முதலில் படுவது மஞ்சள்தான், சிவப்பு அப்புறம். ஆளைப் பார்த்து உள்ளே எவ்வளவு கொழுப்பு இருக்கும் என்று சொல்லவே முடியாது. ஒரு கேஸில் சர்ஜன் கொழுப்பைப் பிரித்துப் பிரித்துக் குழாயைத் தேடினார். கொழுப்புக்குள் ஓடிய இடத்தைத் தொட்டுவிட்டு "கல்லு மாதிரி இருக்கு" என்றார். அதே குழாய் கொஞ்ச தூரம் தசைக்குள் இறங்கி ஓடியது. அங்கே மெத்தென்று இருந்தது. "தசைக்குள்ள போற இடம் பெரும்பாலும் சுத்தமாத்தான் இருக்கும்" என்றார். அப்படியென்றால் கொழுப்புதானே காரணம்?

அருவி:
நீலவானம், அப்படி முடிவுகட்ட முடியாது. தசைக்குள் ஓடும் பகுதி சுத்தமாக இருப்பது உண்மை. ஆனால் அங்கே தசை அழுத்துவதால் ரத்தம் ஓடும் விதமே வேறு.

என் கதை சின்னது. எக்கோ ரிப்போர்ட்டில் "எபிகார்டியல் கொழுப்பு (இதயத்தை ஒட்டிய கொழுப்பு) கூடுதல்" என்று ஒரு வரி, அன்று இரவு தூக்கமில்லை. ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை.

தேன்மலர், அந்தக் கொழுப்பு எல்லாருக்கும் உண்டு. இதயத்துக்கு எரிபொருள் கொடுப்பதும் அதுதான். சிக்கல் என்னவென்றால் அதற்கும் இதயத் தசைக்கும் நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது, ரத்த ஓட்டமும் ஒன்றுதான். அதில் அழற்சி வந்தால் ஐஎல்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா மாதிரி அழற்சியைத் தூண்டும் பொருட்கள் நேராகக் குழாய்ச் சுவருக்கே போக முடியும். எதிர்த்திசையிலும் நடக்கும்: குழாய்ச் சுவரில் அழற்சி இருந்தால் பக்கத்துக் கொழுப்பின் தன்மை மாறுகிறது, அது சிடியில் தெரியும். 2018-இல் லான்செட்டில் வந்த கிரிஸ்ப்-சிடி ஆய்வு இதைத்தான் அளந்தது. வலது குழாயைச் சுற்றிய கொழுப்பின் அடர்த்தி மைனஸ் 70.1 ஹவுன்ஸ்ஃபீல்டோ (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு) அதற்கு மேலோ, அதாவது பூஜ்ஜியத்துக்கு இன்னும் பக்கத்திலோ, இருந்தவர்களுக்கு இதய நோயால் இறக்கும் அபாயம் கூடுதலாக இருந்தது. அதனால் எவ்வளவு கொழுப்பு என்பதோடு நிற்காமல், அது எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர், புகை மூன்றையும் கவனியுங்கள். எடை சரியாக இருக்கிறதே என்று கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை அப்பா தானாக நிறுத்திவிடக் கூடாது. பல வீடுகளில் அதுதான் நடக்கிறது.

நீலவானம்:
பார்த்ததைச் சொன்னேன், காரணம் என்ன என்று கேள்வியாகத்தான் கேட்டேன் அருவி. ரத்த ஓட்டம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் உங்களுக்கு அடைப்பு இல்லை என்பதை வைத்து அவர் அப்பாவுக்கு ஆறுதல் சொல்ல முடியாது.

தேன்மலர்:
அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. ரிப்போர்ட்டில் கொழுப்பு அதிகம் என்று மட்டும் இருக்கிறது, அடர்த்தி எண் இல்லை. அதற்கு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

அருவி:
வேண்டியதில்லை, எடுத்த சிடி ஆஞ்சியோவிலிருந்தே கணக்கிடலாம். அதற்குத் தனி மென்பொருள் வேண்டும், எல்லா இடத்திலும் இருக்காது. ஸ்கேன் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.