புதுப்பிப்பு: அம்மாவின் முதுகுவலி தேய்மானம் இல்லை, முதுகெலும்புக் காசநோய்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மாலையில் காய்ச்சல், எடை குறைவு, இரவில் தூங்கவிடாத முதுகுவலி. ஆனாலும் தேய்மானம் என்று அம்மாவுக்கு வலி மாத்திரை மட்டுமே தருகிறார்கள், என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன்.

எம்ஆர்ஐ எடுக்காமல் விடாதீர்கள் என்ற யோசனைதான் காப்பாற்றியது. தேவையில்லை என்றார் மருத்துவர். விடாமல் கேட்டு எழுதி வாங்கினோம். அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டும் (டிஸ்க்) அரித்துப்போய், பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. அப்புறம் ஊசி வழியாகத் திசு எடுத்தார்கள். அதில் ஒரு பாகத்தை ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் ரசாயனம்) போடாமல் சலைனில் (உப்பு நீர்) வைக்கச் சொல்லுங்கள் என்று ஒருவர் எழுதியது பெரிய உதவி. ஃபார்மலினில் கிருமி செத்துவிடும், அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்ய முடியாது. சலைனில் அனுப்பியதை சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) செய்ததில் காசநோய் உறுதியானது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை, அதாவது மருந்து வேலை செய்யும்.

எதிர்பாராதது: இருமலே கிடையாது, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை போல. மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமானது. பயப்படாதீர்கள், ரிஃபாம்பிசின் அப்படித்தான். இப்போது காய்ச்சல் இல்லை, பெல்ட் போட்டு வீட்டுக்குள் நடக்கிறார். சிகிச்சை ஒரு வருடம் போகும் என்கிறார்கள். மாத்திரை அரசிடமே இலவசம். காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவு செய்தால் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும்.