நோக்கத்தை எழுதி மாட்டினால் வேலையில் பிடிப்பு வந்துவிடுமா?

நொய்யல்கரை:
திருப்பூரில் கைக்குழந்தை உடுப்பு தைக்கும் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் கீழே 34 பேர். போன மாதம் முதலாளி ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, "நம் நோக்கம்" என்று நாலு வரி எழுதி ஃபிரேம் போட்டு மாட்டி, தினமும் காலையில் எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாசிக்கிறோம். பிசிர் வெட்டும் அக்கா ஒருவர், "தம்பி, இதைப் படிச்சா சனிக்கிழமை சம்பளத்துல நூறு ரூபா கூட வருமா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கே பிடிப்பு விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. 14 வருஷமாக ஒன்றரை ஷிப்ட், மனதில் ஓடுவது ஷிப்மெண்ட் தேதி மட்டும்தான். எதற்காகச் செய்கிறோம் என்று எனக்கே தெரியாமல் மற்றவர்களை எப்படி வேலை வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மாசிவீதி:
அண்ணா, நான் மதுரை. அம்மாவுக்கு அரவிந்த் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் செய்தபோதுதான் டாக்டர் வெங்கடசாமியைப் பற்றித் தேடிப் படித்தேன். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1976இல் 11 படுக்கையோடு அந்த மருத்துவமனையை ஆரம்பித்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போய், ஒரு கட்டத்தில் பேனாகூடப் பிடிக்க முடியாமல் கிடந்தவர், அந்த விரல்களை வைத்தே கத்தி பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்திருக்கிறார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது, அதை அவர் வெறும் பேச்சாக விடவில்லை என்பது. முகாமில் ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் கிராமத்து ஜனம் வரவில்லை. ஏன் என்று விசாரித்தால் பஸ் செலவு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒருநாள் கூலி. சரி, வண்டியும் சாப்பாடும் நாமே கொடுப்போம் என்று மாற்றினார்கள். ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் மேசை போட்டு, ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவரைத் தயாராக வைத்து, டாக்டரின் நேரம் ஒரு நிமிஷம்கூட வீணாகாதபடி செய்தார்கள். ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் அரோலேப் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். உங்கள் முதலாளி அந்த நாலு வரிக்காக எதை மாற்றினார் என்று கேட்டுப் பாருங்கள் அண்ணா.

கணக்குடீச்சர்:
எல்லாம் சரிங்க, ஆனால் அந்த அக்கா கேட்ட கேள்வியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். நான் முன்பு இருந்த பள்ளிக்கூடத்தில் "ஆசிரியப் பணி அறப்பணி" என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்லிச் சொல்லியே மூன்று மாதச் சம்பளத்தை இழுத்தடித்தார்கள். பிள்ளைகள் மேல் எனக்கு இருந்த பாசத்தை எனக்கே எதிராகத் திருப்பினார்கள், அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இன்றைக்கும் வகுப்புக்குள் போனால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம், ஒரு பிள்ளைக்குப் பின்னம் புரிந்துவிட்டால் அந்த நாள் நிறைந்துவிடும். அதற்காக வாடகை நிற்குமா? கூலியை ஒழுங்காகக் கொடுத்த பிறகு நோக்கத்தைப் பேசினால்தான் காதில் ஏறும்.

ஊசிமெக்கானிக்:
நொய்யல்கரை அண்ணா, நானும் உங்க ஊர்தான், மெஷின் மெக்கானிக். தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்துப் பதிவேட்டில் ஒட்டினால்தான் புது ஊசி கொடுப்போம் இல்லையா. ஒரு துண்டு தொலைந்தாலும் அந்த பண்டலையே தனியாக எடுத்துச் சோதிக்க வேண்டும். எங்கள் லைனில் இதை ஒரு தொல்லையாகத்தான் பார்த்தார்கள், கண்ணுக்குத் தெரியாத துண்டுக்காக அரை மணி நேரம் போகிறதே என்று. ஒருநாள் புதிதாக வந்த டைலர் பெண், பிள்ளை பெற்று ஆறு மாதம்தான் ஆகிறது, நூல் முனை அளவுக்கு ஒரு துண்டு கிடைக்கவில்லை என்று மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே மண்டியிட்டுக் காந்தத்தை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள். விடும்மா, பண்டலை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். "இல்லைங்கண்ணா, பாப்பா கழுத்துப் பக்கம்" என்று மட்டும் சொன்னாள். அவள் தைத்துக்கொண்டிருந்தது கழுத்துப்பட்டி. அன்றிலிருந்து நானும் ஊசி கொடுக்கும்போது எந்த இடத்தில் உடைந்தது என்று கேட்டு எழுதுகிறேன்.

நொய்யல்கரை:
எல்லோருக்கும் நன்றி, மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். ஊசி விஷயத்தைப் படித்ததும், பேக்கிங்குக்குப் போக இருந்த பீஸில் ஒன்றை எடுத்துவந்து, மூன்று மாதக் குழந்தை அளவு, செக்கிங் மேசையில் விரித்து வைத்து, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு இதைப் போடுவோமா என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அதே பிசிர் அக்கா, உடுப்பைத் திருப்பி பிரஸ் பட்டனின் பின்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். நானும் தடவினேன், ஒரு பல் சரியாக மடங்காமல் கீறுகிறது. "ரெண்டு வாரமா சிலதுல இப்படித்தான் வருது தம்பி. எடுத்து வெச்சா என் பீஸ் கணக்கு குறையும்ல, அதான் சொல்லல" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒதுக்கும் பீஸைக் கணக்கில் சேர்க்காத முறையைப் போட்டது நான்தான். அந்த லாட் முழுவதையும் பிரித்துத் திரும்பச் செக் செய்யச் சொல்லிவிட்டேன், ஷிப்மெண்ட் இரண்டு நாள் தள்ளும். ஒதுக்கிய பீஸுக்கும் கணக்கு உண்டு என்று நேற்றே போர்டில் எழுதிவிட்டேன். சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றியும் முதலாளியிடம் நாளைக்குப் பேசப் போகிறேன், கூடவே அந்த பட்டனையும் எடுத்துப் போகிறேன், அவரும் ஒரு தடவை விரலால் தடவிப் பார்க்கட்டும்.