பொருள்: மறுமொழி – சங்கக் கட்டட நிதி: கூரைக்கு முன் உறுப்பினர் விதியைப் பேசுவோம்

பெரியவர்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத்தின் ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தளம் போட 4 லட்சம் ரூபாய் தேவை என்று செயலாளர் பெரியப்பா எழுதியதையும், மஸ்கட் அண்ணன் ஐந்து ஆண்டு வரவுசெலவைக் கேட்டதையும், எல்லையில் நின்றவர்களிடமா ரசீது கேட்பது என்று துபாய் மாமா சினந்ததையும் வரிசையாகப் படித்தேன். கணக்கும் வேண்டும், மரியாதையும் வேண்டும். அதில் எனக்கு எவரோடும் சண்டையில்லை. ஜெனரேட்டர் பணத்தைப் பற்றியும் நான் ஒரு சொல் எழுதப் போவதில்லை. இன்னும் பத்து ஆண்டு கழித்து அந்தத் தளத்துக்குக் கீழே உட்காரப் போகிறவர்கள் யார் என்பதை மட்டும் யாராவது சொன்னால் போதும்.

அக்கா மகன் பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் குடியரசு நாள் வரை இருந்தான். கொடியேற்றத்துக்குச் சங்கத்தின் சார்பில் வந்தவர்கள் ஏழே பேர் என்றும், அவர்களில் இருவரைப் பேரப்பிள்ளைகள் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்றும் சொன்னான். உறுப்பினர் பதிவேட்டையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். நீளவாக்கிலான பழைய கணக்கு நோட்டு அது. முதல் பக்கங்கள் என் அப்பாவின் கையெழுத்து. படை எண், பதவி, ரெஜிமெண்ட், சேர்ந்த நாள், கடைசிக் கட்டத்தில் சந்தா. இறந்தவர் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. நடுப்பக்கங்களில் நீலத்தைவிடச் சிவப்பே அதிகம். கடைசியாகச் சேர்ந்தவரின் பெயருக்கு நேரே 2011 என்று இருக்கிறது. அதற்குக் கீழே யாரோ டீக்கடை பாக்கியைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

2011க்குப் பிறகு நம் ஊரில் ஒருவரும் பட்டாளத்திலிருந்து திரும்பவில்லையா? மேலத்தெருவில் மட்டும் ஐந்து வீடுகளை என்னால் சொல்ல முடியும். சிப்பாயாகச் சேர்ந்தவர் 17 ஆண்டோ, பதவி உயர்ந்தால் இன்னும் சில ஆண்டோ பணியாற்றிவிட்டு, நாற்பது வயதையொட்டிப் பென்ஷனோடு வந்துவிடுகிறார். வந்த கையோடு வங்கியிலோ ஓசூர்த் தொழிற்சாலையிலோ காவல் வேலைக்குப் போகிறார். பிள்ளைகளின் படிப்புக்காகக் காட்பாடியில் வீடு பார்த்துக்கொள்கிறார். அவருக்குச் சங்கத்தால் ஆக வேண்டிய காரியம் என்று ஒன்றும் இல்லை.

அப்பா காலத்தில் அப்படி இல்லை. பென்ஷன் நிலுவைக்காக ரெக்கார்டு ஆபீசுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத, விதவைகளின் பெயரில் இருக்கும் எழுத்துப் பிழையைத் திருத்த, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் துணைக்குப் போக, எல்லாவற்றுக்கும் அந்தத் திண்ணைக்குத்தான் வர வேண்டும். இப்போது பென்ஷன் ஸ்பர்ஷ் இணையதளத்துக்குப் போய்விட்டது. உயிர்வாழ்வுச் சான்றைக் கைப்பேசியிலேயே கொடுத்துவிடலாம். வைத்தியத்துக்கு 2003இல் வந்த இ.சி.எச்.எஸ். அட்டை இருக்கிறது, பட்டாலியன் நண்பர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். சங்கத்துக்கு மிஞ்சியவை இரண்டு கொடியேற்றமும் இறந்தவர்களுக்கு ஒரு மலர்வளையமும்தான்.

காலம் மாறியதால் வந்தது இது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. கதவை நாமும் சாத்தினோம். 1987 ஜூலையில் இலங்கைக்குப் போகத் தொடங்கிய அமைதிப்படையில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்துவிட்டு 1990 மார்ச்சில் அந்தப் படையின் கடைசி அணி சென்னையில் வந்திறங்கியபோது, வரவேற்கப் போக அன்றைய முதலமைச்சர் கருணாநிதி மறுத்தார். அன்றைய அரசியலும், ஈழத் தமிழர் பட்ட துன்பமும் அப்படி இருந்தன. அதை இங்கே விவாதிக்க வேண்டாம். ஆனால் ஊருக்குள் நடந்ததற்குச் சென்னையைக் காரணம் சொல்ல முடியாது. 1965லும் 1971லும் போரிட்ட பெரியவர்கள், உங்களுடையதும் ஒரு போரா என்று திரும்பி வந்தவர்களின் முகத்துக்கு நேரே கேட்டார்கள். கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். யாழ்ப்பாணத்தில் காலில் குண்டு பட்ட, படையில் நாயக் பதவியில் இருந்த தெற்குத்தெருச் சித்தப்பா, அன்று சங்கத்துப் படியிறங்கியவர்தான். பர்மாவில் நின்ற தாத்தாமார் 1962இல் சீன எல்லையிலிருந்து வந்தவர்களை எப்படிப் பேசினார்கள் என்று ஆத்தா சொல்லக் கேட்டிருப்பதால், இது நம் ஊரில் பரம்பரையாக வரும் வியாதி என்றுதான் நினைக்கிறேன்.

நான் இருக்கும் சிட்னியிலும் இந்த வியாதி உண்டு. 1916இல் தொடங்கிய ஆர்.எஸ்.எல். என்னும் படைவீரர் அமைப்பில், வியட்நாமுக்குப் போய்வந்த சுமார் 60,000 ஆஸ்திரேலியர்களில் பலருக்கு, அது உண்மையான போரே இல்லை என்ற பேச்சுத்தான் கிடைத்தது. மனம் வெறுத்துத் தமக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கென்று முறையான வரவேற்பு அணிவகுப்பு இந்த நகரத்தில் நடந்தது 1987 அக்டோபரில். அவர்களுடைய போர் முடிந்து பதினைந்து ஆண்டு ஓடிய பிறகு. இப்போது அந்த வியட்நாம்காரர்களே கிழவர்களாகி, ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த பையன்கள் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை என்று கேட்கிறார்கள். கட்டடத்துக்கு மட்டும் அங்கே குறைவில்லை. ஆர்.எஸ்.எல். என்ற பெயரைத் தாங்கிய கிளப்புகள் சூதாட்ட இயந்திரங்களும் உணவகமுமாகச் செழிக்கின்றன. அவை சட்டப்படி வேறு அமைப்பு. முன்னாள் படைவீரர்களின் கிளையோ, நாலைந்து முதியவர்களோடு அதே கட்டடத்தின் ஒரு மூலை அறையில் கூடும். நம் தளத்தைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அந்த மூலை அறைதான் கண்ணில் நிற்கிறது. நியூ ஜெர்சி தம்பி முன்பொரு முறை எழுதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் சங்கமும் அப்படித்தான். 1866இல் தொடங்கி, 1890இல் நாலு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர் இருந்த அமைப்பு, வடக்குப் படையில் நின்றவர்கள் மட்டுமே சேரலாம் என்ற விதியோடு, கடைசி உறுப்பினர் 1956இல் இறந்தபோது தானும் முடிந்தது.

நம் சங்க விதியோ அதைவிடக் குறுகல். முப்படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர்தான் உறுப்பினர் என்கிறது. சி.ஆர்.பி.எஃப்.பிலும் எல்லைப் பாதுகாப்புப் படையிலும் இருபது ஆண்டு கழித்தவர்களைப் போலீஸ்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டோம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள், ஊரில் உயிரோடிருக்கும் உறுப்பினர்களைவிட அதிகமாகவே இருப்பார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருவர். மலர்வளையத்துக்குச் சந்தா வாங்கிக்கொள்வீர்கள், வாக்குக் கிடையாது.

இனி வரப்போகிறவர்களைப் பாருங்கள். கொரோனாவால் 2020 முதல் ஆள்சேர்ப்பு முகாம் இரண்டு ஆண்டு நின்றுபோனதில், விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பலருக்கு வயது கடந்துவிட்டது. 2022 ஜூனில் அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது. அதில் அக்னிவீரராகச் சேருபவருக்கு நான்கு ஆண்டுதான் பணி. ஓர் அணியில் 25 விழுக்காடு வரையே நிரந்தரமாவார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற மொத்தத் தொகையாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு வர வேண்டும். பென்ஷன் இல்லை, கேன்டீன் இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை, திட்டத்தின் விதிப்படி முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. தரைப்படையில் 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 முடிவதோடு தவணை முடிகிறது. நம் விதி இப்படியே இருந்தால், இருபத்தைந்து வயதையொட்டி ஊருக்குத் திரும்பும் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பதிவேட்டில் ஏற முடியாது. அரசு அவர்களை என்ன பெயரிட்டு அழைக்கிறது என்பது டெல்லியின் விஷயம். நம் திண்ணையில் யார் உட்காரலாம் என்பது நம் விஷயம்.

ஆகவே பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போட்டு, சீருடை அணிந்து பணியாற்றிய எவரும், அவர்களின் மனைவியரும் வாக்குரிமையுள்ள உறுப்பினர் ஆகலாம் என்று விதியைத் திருத்தி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். தாக்கலான அன்றே என் பங்கு 50,000 ரூபாயை அனுப்பிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு கூரை ஓட்டுக்குக்கூடப் பணம் தர மாட்டேன்.

சுபேதார் வீட்டு இளையவள், சிட்னி

மறுமொழி, மஸ்கட்டிலிருந்து:

தங்கைக்கு, நீ சொன்னது சரி; ஆனால் நீ பணம் அனுப்பக் கூடாது. நீ ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டாய். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாங்கள் எங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. நீ அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் ஆகும். அதை வாங்கச் சங்கத்துக்கு உள்துறை அமைச்சகப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். சங்கத்தில் இவற்றில் எது இருக்கிறது? 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் தர வேண்டிய கணக்கே எத்தனை ஆண்டாகப் போகவில்லை என்று கேட்டுத்தான் நான் எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன். கணக்குத் தாக்கலாகாத சங்கம் விதித் திருத்தத்தோடு போய்ப் பதிவாளர் முன்னால் எந்த முகத்தோடு நிற்கும்? முதலில் பாஸ்புத்தகத்தின் நகல் வரட்டும். ஜெனரேட்டர் பணத்தையும் நான் மறக்கவில்லை.

மறுமொழி, துபாயிலிருந்து:

அம்மா, உன் அப்பா 1971இல் பட்ட பாட்டை நான் நேரில் கேட்டவன். அவரைப் பொதுவில் குறை சொல்லி எழுதியது எனக்கு வருத்தம். நான்கு ஆண்டு இருந்துவிட்டு வரும் பையனும் அவரும் ஒரே நோட்டில், ஒரே வரிசையில் என்பதை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் என் தங்கை மகன் அக்னிவீரனாகத்தான் போயிருக்கிறான். அவனிடம் நீ உள்ளே வராதே என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. அதற்கு மேல் இப்போது எழுதத் தெரியவில்லை.

மறுமொழி, செயலாளர்:

எல்லோருக்கும் ஆசிகள். பொதுக்குழுவை மாசி மாதக் கடைசி ஞாயிறு காலை வைக்கலாம் என்றிருக்கிறோம். தீர்மானம் போடுவதில் எனக்குத் தடையில்லை. குறைந்தபட்ச வருகைக்குத்தான் ஆள் போதாது. ஏழு பேரை வைத்துக்கொண்டு விதியைத் திருத்த முடியாது. சந்தா பாக்கி வைத்திருக்கும் பழைய உறுப்பினர்கள் பாக்கியைக் கட்டிவிட்டு வந்தால் எண்ணிக்கை சேரும். நாயக் தம்பியின் பெயர் இன்னும் பதிவேட்டில்தான் இருக்கிறது, அடிக்கவில்லை. அவரிடம் நான் போய் நிற்பது சரிப்படாது. சிட்னியிலிருந்து நீயே ஒரு முறை தொலைபேசியில் பேசிப் பார். அண்ணன் கேட்ட பாஸ்புத்தக நகலைப் பேரனிடம் சொல்லிச் சனிக்கிழமைக்குள் அனுப்புகிறேன். ஜெனரேட்டர் கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது, அவரைக் கேட்டுக்கொள்ளவும்.