மறு: ஆக்சிஜன் வீழ்ச்சியா, தொய்வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நகர ஆறுகளின் நீர்த்தரம் பற்றிய கட்டுரையில் "ஆக்சிஜன் சாக்" (oxygen sag: கழிவு கலந்த ஆற்றில் ஆக்சிஜன் குறைந்து மீள்வது) வரும் இடத்தில் "ஆக்சிஜன் வீழ்ச்சி" என்றே போடலாம் என நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை, "ஆக்சிஜன் தொய்வு" என்பதே என் தேர்வு. வீழ்ச்சி என்றால் விழுந்ததோடு சரி. இங்கே விழுந்தது மீண்டும் எழுகிறது, அதைச் சொல்லாத சொல் நமக்கு எதற்கு?

ஆற்றில் கலக்கும் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. ஆறு கீழே போகப் போக அளவு குறைந்து ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொடுகிறது. அப்புறம் காற்றிலிருந்து கரைவது மிஞ்சி, மெல்ல மீள்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925இல் இதற்குச் சமன்பாடு தந்தார்கள். வரைந்து பாருங்கள், துணி காயப்போடும் கொடி மாதிரியே இருக்கும். ஈரத்துணியின் பாரத்தில் நடுவே தொய்ந்து, மறுமுனையில் ஏறிவிடும். மாசுச்சுமை என்று ஏற்கெனவே எழுதுகிறோம். சுமை ஏறினால் தொய்வதுதானே இயல்பு?

லண்டனையே எடுத்துக்கொள்வோம். 1858 கோடையில் தேம்ஸ் நாறிய பிறகு பொறியாளர் பேசல்ஜெட் கட்டிய பாதாளச் சாக்கடைகள், கழிவை நகருக்குக் கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் வரை கொண்டுபோய் விட்டன. தொய்வு மறையவில்லை, இடம் மாறியது. 1957இல் அந்த ஆற்றை உயிரற்றது என்றே அறிவித்தார்கள். சுத்திகரிப்பு மேம்பட்டு, 1974இல் ஒரு சால்மன் மீன் கிடைத்தது. தொய்வு நகர்ந்தது, ஆழமானது, பிறகு ஆழம் குறைந்தது என்று இந்த நூறாண்டுக் கதையை ஒரே சொல்லால் சொல்லிவிடலாம்.

"பணியில் தொய்வு" என்ற வழக்கு குழப்பும் என்கிறீர்கள். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இலங்கையில் தொய்வு என்றால் ஆஸ்துமா. அங்குள்ள வாசகருக்கு இது மூச்சுக்குத் திணறும் ஆறாகவே தெரியும், அதுவும் பொருத்தம்தான்.

நீர்த்தரத்தின் நீண்டகால மாற்றத்தைக் குறிக்கும் "டிரெண்ட்" (trend) என்பதற்கு வெறும் "போக்கு" வேண்டாம். ஆற்றின் போக்கு என்றால் அது ஓடும் வழி. "தரப்போக்கு" என்று சேர்த்தே எழுதுவோம்.

வளைகோட்டுக்குத் "தொய்வுக்கோடு", அதன் அடிப்புள்ளிக்குத் "தொய்வடி" என்று வைத்திருக்கிறேன். இரண்டாவது இன்னும் காதில் ஒட்டவில்லை. நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.