பையன் தெரபிக்காகக் குடி மாறலாமா: பெங்களூரா, ஓசூரா?

பாலக்கோடு அப்பா:
வணக்கம். பையனுக்கு நாலரை வயசு, ஆட்டிசம் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஐந்தாறு வார்த்தைதான் பேசுவான். ஏதாவது வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். இப்போது தர்மபுரியில் வாரம் இரண்டு நாள் தெரபி. எனக்கு வேலை ஓசூர் சிப்காட்டில். மகள் ஆறாம் வகுப்பு, தமிழ் வழி. அப்பா அம்மா எங்களோடு இருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் பெங்களூருக்கே போய்விடு என்கிறார்கள். வாடகை, தெரபி இரண்டும் சேர்த்து மாதம் 25,000 தாண்டினால் தாங்காது. எங்கே போவது, போகும் முன் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

சிறப்பு ஆசிரியர், ஓசூர்:
சார், பெரிய மருத்துவமனை வேறு, வாராவாரம் போகிற தெரபி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெங்களூர் நிமான்ஸ், வேலூர் சி.எம்.சி., சென்னை முட்டுக்காட்டில் இருக்கிற என்.ஐ.இ.பி.எம்.டி. (பல வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம்) இவற்றுக்கெல்லாம் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் எப்போதாவது போனால் போதும். அதைப் பாலக்கோட்டில் இருந்துகொண்டே செய்யலாம். வாராவாரம் போகிற இடம்தான் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு ஓசூர்தான் சரி. வேலை அங்கே, மகளுக்குத் தமிழ் வழிப் பள்ளி கிடைக்கும். பெங்களூர் போனால் அந்தப் பெண் கன்னடமும் கட்டாயமாகப் படிக்க வேண்டும். பையன் விஷயத்தில், நாலு மொழி காதில் விழுந்தால் ஆட்டிசம் கூடும் என்பார்கள், அது தவறு. பிரச்சினை வேறு. சென்டரில் 'கிவ் மீ' என்று பழக்கி, வீட்டில் பாட்டி 'தா' என்று சொன்னால் அந்தப் பயிற்சி வீட்டில் தொடராது. பாட்டி பேசுகிற தமிழிலேயே சொல்லித்தருகிற ஆளைத் தேடுங்கள்.

ஓசூரில் குடியிருந்து வாரம் மூன்று நாள் பெங்களூர் கூட்டிப்போகிற யோசனையும் வேண்டாம். பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, ஆனால் பொம்மசந்திரா போய்ச் சேரும்வரை அத்திப்பள்ளி நெரிசலில் பஸ்தான். முக்கால் மணி நேர தெரபிக்கு அரை நாள் அலைந்தால் குழந்தை அங்கே போய் அழத்தான் செய்யும்.

சென்டர் பார்க்கும்போது பேச்சுப் பயிற்சியாளரிடமும் சிறப்பு ஆசிரியரிடமும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆர்.சி.ஐ.யில் வரமாட்டார், அவரிடம் பி.ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபி பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன இலக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மாவை உள்ளே உட்கார விடாமல், 'இன்னைக்கு நல்லா பண்ணான்' என்று வாசலில் ஒப்படைக்கிற இடம் வேண்டவே வேண்டாம். வாரத்தில் தெரபிஸ்டோடு இருப்பது இரண்டு மூன்று மணி நேரம், மீதி நேரமெல்லாம் உங்களோடுதான். குணமாக்கிவிடுகிறோம், ஸ்டெம் செல் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அது நிரூபணமான சிகிச்சை இல்லை.

தர்மபுரி அம்மா:
காகித வேலையைப் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா. முகவரி மாற்றும் முன் தர்மபுரியிலேயே யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். பொதுவாகக் குடியிருக்கிற மாவட்டத்தின் மருத்துவக் குழு சான்றிதழ் தரும். விண்ணப்பம் நடுவில் இருக்கும்போது ஆதாரில் முகவரியை மாற்றினால் சிக்கல் வரலாம். கையில் வந்த பிறகு அது நாடு முழுக்கச் செல்லும்.

மதிப்பீடு ஐ.எஸ்.ஏ.ஏ. என்கிற ஆட்டிசத்துக்கான இந்திய அளவுகோலில் நடக்கும், 40 கேள்வி. மொத்த மதிப்பெண் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பல கேள்விக்குப் பெற்றோர் சொல்கிற பதிலும் ஆதாரம். அங்கே போய் வெட்கப்பட்டு 'வீட்ல நல்லாத்தான் இருப்பான்' என்று சொன்னால் மதிப்பெண் இறங்கிவிடும். கையை உதறுவது, தூங்காதது, கூப்பிட்டால் திரும்பாதது எல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

அட்டை வந்ததும் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபி செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. பில்லும் டாக்டர் சீட்டும் அசல்தான் கேட்பார்கள், தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். மாநில அரசு உதவிகள் ஓசூர் போனாலும் தொடரும், கிருஷ்ணகிரி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். பெங்களூர் போனால் அதெல்லாம் விட்டுப்போகும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிற டி.இ.ஐ.சி. மையத்தையும் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டை ஆரம்பத்திலேயே கவனிக்கிற மாவட்ட மையம்) விட்டுவிடாதீர்கள், அங்கே தெரபிக்குக் காசு வாங்க மாட்டார்கள். பள்ளி சேரும்போது வட்டார வள மையத்தில் பெயர் கொடுத்தால் சிறப்பு ஆசிரியர் வருவார். பத்தாம் வகுப்பில் மொழிப்பாட விலக்கு, கூடுதல் நேரம் வாங்கவும் இந்தப் பதிவுகள் பின்னால் உதவும்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், கிருஷ்ணகிரி:
குடி போவதை ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மே முழுக்க வீடு பழகட்டும், ஜூனில் பள்ளி. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால் தூக்கம், சாப்பாடு, கழிவறைப் பழக்கம் எல்லாம் சில வாரத்துக்குப் பின்னால் போகும்.

புது வீட்டில் கேட், படிக்கட்டு, அவன் கை கழுவப் போகிற குழாய், படுக்கிற மூலை எல்லாவற்றையும் ஒவ்வொரு போட்டோ எடுத்துச் சின்ன ஆல்பமாக்குங்கள். கடைசிப் பக்கத்தில் அவனுடைய பழைய பாயும் தம்ளரும் அந்தப் புது மூலையில் இருக்கிற படம் இருக்கட்டும். தினம் ராத்திரி அதே வரிசையில் காட்டி, ஒரே சொற்களால் சொல்லுங்கள். சாமான் ஏற்றும் நாளில் அவன் பாயை முதலில் இறக்கிப் போட்டுவிட்டு அவனை உள்ளே கூட்டிப்போங்கள். பாயைப் புதிதாக வாங்காதீர்கள், துவைக்கவும் வேண்டாம், அந்த வாசனைதான் அவனுக்கு வீடு.

வீடு பார்க்கும்போது தரைத்தளமாகப் பாருங்கள். சம்ப் (தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி) மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்பது வாடகையை விட முக்கியம். ஆட்டிசக் குழந்தைகள் பலர் சொல்லாமல் வெளியே போய்விடுவார்கள், தண்ணீர் அவர்களை இழுக்கும். வாசல் தாழ்ப்பாளைப் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில் வையுங்கள். போர் மோட்டார் படுக்கையறைச் சுவருக்குப் பக்கத்தில் ஓடினால் அந்த வீடு வேண்டாம்.

பாலக்கோடு அப்பா:
எல்லோருக்கும் நன்றிங்க. அப்பா அம்மா ஊரை விட்டு வர மாட்டோம் என்கிறார்கள். ஓசூரில் வீட்டுக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

சிறப்பு ஆசிரியர், ஓசூர்:
கொடுக்காதீங்க சார். நல்ல சென்டரில் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். முதலில் இரண்டு மூன்று இடத்தில் பெயர் கொடுங்கள், எந்த நாள் எந்த நேரம் என்று உறுதியான பிறகு அந்த சென்டரைச் சுற்றி வீடு தேடுங்கள். அதுவரை தர்மபுரி தெரபியை நிறுத்த வேண்டாம். பெரியவர்கள் ஊரிலேயே இருக்கட்டும். தெரபிஸ்ட் எப்படிக் கேட்கச் சொல்கிறார் என்று வாரம் ஒரு வீடியோ பாட்டிக்கு அனுப்புங்கள், லீவில் போகும்போது அவர்களும் அதே மாதிரி 'தா' சொல்லிக் காத்திருந்து கொடுப்பார்கள்.