அறையின் வெப்பத்தை விடக் குறைவாகக் காட்டும் பிராசசர்: எதை நம்பி கம்ப்யூட்டரை மாற்றுவது?

பாலக்கோடு ஆல்பம்:
வணக்கம். பாலக்கோட்டில் திருமண ஆல்பமும் வீடியோவும் செய்து தருகிறேன். கடைக் கம்ப்யூட்டரில் ஏஎம்டி எஃப்எக்ஸ் 6300 பிராசசர், 16 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, ஒரு சாட்டா எஸ்எஸ்டி ஆகியவை உள்ளன. வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது சில வேளைகளில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அப்படியே அணைந்துவிடுகிறது. சூடுதான் காரணம் என்று நினைத்து, வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூமானிட்டர் மென்பொருளில் பார்த்தால் குழப்பமே மிஞ்சுகிறது. காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும், சுவரில் உள்ள வெப்பமானி 30 டிகிரி காட்டும்போது, பிராசசர் 14 டிகிரி என்கிறது. அதே பட்டியலில் இன்னொரு வரி எந்நேரமும் 127 என்றே அசையாமல் நிற்கிறது. சென்சார் பழுதா? பிராசசரை மாற்ற வேண்டுமா, கூலரை மட்டும் மாற்றினால் போதுமா?

தகடூரான்:
வணக்கம் நண்பரே. சென்சார் பழுதாகவில்லை. காற்றால் குளிரும் எந்தப் பொருளும் அந்தக் காற்றை விடக் குளிர்ந்துவிடாது என்பதால் 14 டிகிரி உண்மையான வெப்பநிலையாக இருக்க வழியில்லை. ஆனால் அந்த எண் உண்மையான வெப்பநிலையைச் சொல்வதற்காக வைக்கப்பட்டதும் இல்லை. அந்தத் தலைமுறை பிராசசர்கள் தரும் அளவு, ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக வகுத்த ஓர் அளவுகோலே தவிர சில்லின் நேரடி வெப்பநிலை அன்று என்று ஏஎம்டியின் தொழில்நுட்ப ஆவணமே சொல்கிறது. ஆகவே வேலை இல்லாதபோது வரும் எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். வேலைப்பளு ஏறி, உங்கள் பிராசசரின் உச்ச வரம்பான சுமார் 70 டிகிரியை நெருங்கும்போதுதான் அதை நம்பலாம். எவ்வளவு சூடு என்று பார்ப்பதை விட, வரம்புக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதே சரி. அசையாத அந்த 127, மதர்போர்டில் எதனுடனும் இணைக்கப்படாத ஒரு சென்சார் முனையின் அளவாகத்தான் இருக்கும். உண்மையிலேயே அந்தச் சூடு இருந்திருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் வேறு கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்திருப்பீர்கள்.

அதே போன்ற இன்னொரு மென்பொருளான எச்டபிள்யூஇன்ஃபோவில் அளவுகளைக் கோப்பில் பதியும் வசதியை இயக்கிவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கம்ப்யூட்டர் அணைந்தாலும் கடைசி வரி வரை கோப்பில் இருக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவண்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அது திடீரென அணைந்ததை மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது என்பதால் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பாலக்கோடு ஆல்பம்:
மிக்க நன்றி ஐயா. பதிந்து பார்த்தேன். அணைவதற்கு முந்தைய வரியில் பிராசசர் 51 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 63 டிகிரி. யுபிஎஸ் இருப்பதால் மின்தடை காரணமாக இருக்க முடியாது.

தகடூரான்:
அப்படியானால் பிராசசரின் மேல் குற்றமில்லை. மீதி இரண்டு இடங்கள். விலை குறைந்த போர்டுகளில் பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதிக்கு, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் இருக்காது. 95 வாட் பிராசசரை நீண்ட நேரம் ஓட்டும்போது அது கொதித்துவிடும். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேனை நேராக அங்கே திருப்பிவிட்டு அதே எக்ஸ்போர்டைச் செய்யுங்கள். அப்போதும் அணைந்தால், கம்ப்யூட்டர் முழுவதற்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். தெரிந்த கடையில் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்க்கலாம்.

கெலமங்கலத்தான்:
இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் சோதனையில் எது தெரிந்தாலும், அந்த போர்டில் இனி பணம் போடாதீர்கள் என்பதே என் கருத்து. பிராசசரைப் பொருத்தும் அதே சாக்கெட்டுக்குப் பழைய எஃப்எக்ஸ் 8350 மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது 125 வாட் பிராசசர், இப்போதே திணறும் போர்டுக்குச் சுமையைக் கூட்டும். மேலும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் எஃப்எக்ஸ் வரிசை இல்லை.

உங்கள் வேலைக்கு ரைசன் 5 5600, ஒரு பி550 போர்டு, 32 ஜிபி டிடிஆர்4 ரேம் போதும். 5600ஜி வேண்டாம், அதன் சிறப்பே உள்ளடங்கிய கிராபிக்ஸ்தான், உங்களிடம் கார்டு இருக்கிறது, அதோடு 5600இல் உள்ள 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) அதில் பாதியாகிவிடும். எஸ்எஸ்டி, கேபினட், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை அப்படியே கொண்டுபோகலாம், டிடிஆர்3 ரேமை முடியாது. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்குவதானால், பெட்டியில் கிடந்த பழைய இருப்பாக இருக்கக்கூடும் என்பதால், போர்டின் பயாஸ் (அதை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ரைசன் 5000 வரிசையை ஏற்கும் பதிப்புதானா என்று கடையிலேயே உறுதிசெய்து, பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

புதியது வந்த பிறகு, வேலையே இல்லாதபோதும் வெப்பநிலை நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்குவதைக் கண்டு பயப்படாதீர்கள். அந்த பிராசசரின் வேகம் தானாக ஏறி இறங்குவதன் விளைவு அது. அதன் வரம்பு 90 டிகிரி.

பாலக்கோடு ஆல்பம்:
ஃபேன் வைத்தும் அணைந்தது. இரவல் எஸ்எம்பிஎஸ்ஸில் முழு எக்ஸ்போர்டும் தடையின்றி முடிந்தது. இப்போதைக்குத் தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி இதிலேயே மாட்டிக்கொள்கிறேன். முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் போர்டையும் பிராசசரையும் மாற்றும்போது அதையே பயன்படுத்தலாம் அல்லவா?

கெலமங்கலத்தான்:
தாராளமாக. 5600 பிராசசர் 65 வாட்தான், 1050 டிஐ 75 வாட். 550 வாட்டுக்குள் இரண்டும் வசதியாக அடங்கும். பிராசசருக்கான 8 முனை இணைப்பு அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.